வாயைக் கட்டுவதா, வலுவைக் காப்பதா?

நோய் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் நாவில் அடுத்து எழுவது பத்தியம் என்ற சொல்லாகும். காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி, சளி பிடித்தவருக்குத் தயிர் விலக்கு, அம்மை கண்டவருக்கு மச்சம் விலக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதாச் சட்டங்கள் பல உள. பட்டினியே பெருமருந்து என்ற பழமொழியையும் பாட்டிமார் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். நாலைந்து நாட்களில் தீரும் நோய்களில் இவ்வழக்கம் பெருந்தீங்கு விளைப்பதில்லை. வளர்ந்த மனிதரின் உடல் தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு அச்சில நாட்களைக் கடந்துவிடும். நோய் நீங்கியதும் பசி தானாக வந்து இழந்ததை ஈடுசெய்துவிடும்.

ஆனால், மாதக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கும், அந்நோயைவிடக் கொடியதோ என அஞ்சத்தக்க சிகிச்சைக்கும் இதே சட்டத்தைப் பிரயோகிக்கலாமா? புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் ஊண் பற்றிய இக்கேள்வியையே இவ்வாரம் ஆராய விரும்புகின்றோம். அன்பு மிகுந்த வீடுகளிலேயே, அந்த அன்பின் பெயராலேயே, நோயாளரின் தட்டிலிருந்து உணவுகள் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. அதனால் விளையும் கேடு சிறிதன்று.

புற்றுநோய் வந்தால் உடம்பு உருகத்தானே செய்யும் என்று பலர் கூறுவர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. இந்நோயினால் உண்டாகும் உடல் மெலிவை மேனாட்டு வைத்தியர் ‘கக்கெக்சியா’ என்பர். ‘கெட்ட நிலை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. 1932ஆம் ஆண்டில் ஷீல்ட்ஸ் வாரன் என்னும் அமெரிக்க நோயியல் அறிஞர், புற்றுநோயால் இறந்த 500 பேரின் பிரேத பரிசோதனைகளை ஆராய்ந்தார். மரணத்துக்கு உடனடிக் காரணமாக அவர் அடிக்கடி கண்டது, கட்டியன்று, இந்த மெலிவே. ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டிருந்தனர். பின்னர், 1980இல் அமெரிக்க வைத்தியர் குழுவொன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு மேலும் சிந்திக்கத்தக்கது. மருந்துச் சிகிச்சை தொடங்குமுன்னரே எடை குறைந்திருந்தவர்கள், எடை குறையாதவர்களைவிடக் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தனர். பெரும்பாலான புற்று வகைகளில் இவ்வுண்மை புலப்பட்டது.

எடை ஏன் குறைகின்றது? உண்ணாமையால் குறைகின்றது என்பது எளிய விடை. ஆயினும் அது முழு விடையன்று. உணவின்றிப் பட்டினி கிடக்கும் சுகதேகியின் உடல், முதலிற் கொழுப்பை எரித்துத் தசையை இயன்றவரை காத்துக்கொள்ளும். புற்றுநோயாளரின் உடலோ கொழுப்பையும் தசையையும் ஒருசேர இழக்கின்றது. நோயை எதிர்த்துப் போராடும் உடற்காவலணுக்களும் கட்டியும் வெளியிடும் சில இரசாயனப் பொருள்கள் பசியை அடக்கி, தசையைக் கரைத்து, ஓய்ந்திருக்கும்போதும் உடலின் செலவைக் கூட்டுகின்றன. 1985இல் புறூஸ் பொய்ட்லர், அந்தனி செறாமி ஆகிய அறிஞர்கள் இவ்வகைப் பொருளொன்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அதற்குக் ‘கக்கெக்டின்’ என்றே பெயரிட்டனர். அதன்பின் இத்தகைய பொருள்கள் வேறு பலவும் அறியப்பட்டுள்ளன. ஆகவே, நோயாளர் ‘எனக்குப் பசியில்லை’ என்று கூறும்போது அது பிடிவாதமுமன்று, மனம் தளர்ந்ததன் அடையாளம் மட்டுமுமன்று. பசியை எழுப்பும் பொறியே அவர் உடலிற் பழுதுபட்டிருக்கின்றது என்பதை வீட்டார் உணரவேண்டும்.

இதனோடு சிகிச்சையின் துன்பங்களும் சேர்ந்துகொள்கின்றன. மருந்துச் சிகிச்சையால் ஓங்காளமும் வாந்தியும் வருகின்றன. நாவின் சுவை மாறி, நேற்றுவரை விரும்பி உண்ட கறி இன்று உலோகம்போற் கசக்கின்றது. வாயிலும் தொண்டையிலும் கதிர்ச் சிகிச்சை பெறுவோரின் துயரம் இன்னும் பெரிது. வாய்ப் புற்றுநோய் இலங்கையில் ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோயாகும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கம் அதற்குப் பெருங்காரணம். பாக்கு தனித்தே புற்றை விளைக்கவல்லது என்று, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிற் கூறியது. இந்நோயாளர் பலர் வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் ஆறேழு வாரங்கள் கதிரேற்றம் பெறுவர். மூன்றாவது வாரமளவில் வாயின் உட்தோல் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், ஒரு மிடறு தண்ணீரும் நெருப்பாய் இறங்கும்.

இந்த நிலையில் எடையைக் காப்பது அழகுக்காகவன்று. சிகிச்சையையே காப்பதற்காக என்பதை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். முகத்திலும் கழுத்திலும் கதிரேற்றும்போது தலை அசையாதிருக்க, அவரவர் முகத்துக்கென அச்செடுத்த முகமூடி ஒன்றைப் பொருத்துவர். நோயாளர் மெலிந்தால் அம்முகமூடி தளர்ந்துவிடும். கதிர் உரிய இடத்திற் படாமற் போகலாம் என்பதால் அதை மீண்டும் செய்யவேண்டி நேரும். நாட்கள் கழியும். இவ்வகைப் புற்றுநோயில் கதிர்ச் சிகிச்சை இடையறுந்து நீண்டால், நோய் குணமாகும் வாய்ப்பே குறையும். மருந்துச் சிகிச்சையிலும் அளவு உடலின் பருமனைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. வலுவிழந்த உடல் அதைத் தாங்காதெனக் கண்டால் வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது நாளைத் தள்ளிவைப்பார். சத்திரசிகிச்சையின் புண் ஆறுவதற்கும் புரதம் வேண்டும். ஆகவே, தட்டில் எஞ்சிய சோறு தட்டோடு முடிவதில்லை. அது சிகிச்சை அறைவரை சென்று எட்டுகின்றது.

இனி, நம்மவர் நம்பிக்கைகளுக்கு வருவோம். அண்மைக் காலத்தில் வெகு வேகமாய்ப் பரவியிருப்பது, சீனி புற்றுக்கு உணவு, ஆதலாற் பட்டினி போட்டாற் புற்றுச் செத்துவிடும் என்ற வாதமாகும். இவ்வாதம் முற்றிலும் ஆதாரமின்றித் தோன்றியதன்று. ஒட்டோ வார்பேர்க் என்னும் ஜேர்மன் விஞ்ஞானி 1920களில், புற்றணுக்கள் குளுக்கோசை மிகுதியாய் உட்கொள்வதைக் கண்டறிந்தார். ஆனால், அதிலிருந்து பட்டினிக்குத் தாவுவது தர்க்கப் பிழையாகும். மூளை முதலாக நம் உடலின் அணுக்கள் யாவும் குளுக்கோசைப் பயன்படுத்துவனவே. நாம் உண்ணாவிடினும் ஈரல் இரத்தத்தில் அதன் அளவைத் தாழவிடாது. வேறு வழியில்லாதபோது தசையைக் கரைத்தேனும் அதை உண்டாக்கிவிடும். எனவே, பட்டினியாற் புற்றுக்கு வரும் உணவு நின்றுவிடுவதில்லை. அதற்குரிய விலையை நோயாளரின் கைகால்கள் கொடுக்கின்றன. ஐரோப்பிய போசணை வல்லுநர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், புற்றுநோயைக் குணமாக்கும் உணவுமுறை எதுவும் அறியப்படவில்லை என்றும், மந்தபோசணைக்கு ஆளாகக்கூடியவர்கள் உணவைச் சுருக்கும் முறைகளைக் கைக்கொள்ளலாகாது என்றும் கூறப்பட்டுள்ளது. நீரிழிவும் உடையவர்கள் சீனியில் அவதானமாக இருக்கவேண்டும் என்பது வேறு விடயம். அதற்கு அவர்தம் வைத்தியரே வழிகாட்டி.

இரண்டாவது, சூடு, கிரந்தி, வாய்வு என்று சொல்லி முட்டை, மீன், உழுந்து, பயறு யாவற்றையும் விலக்குவது. விலக்கப்படும் பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், வீட்டிலுள்ள புரத உணவுகள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கக் காணலாம்! மூன்றாவது, இலைக் கசாயங்களையும் பழச்சாறுகளையும் நாழி நாழியாய்ப் பருக்குவது. சிறிய இரைப்பை அவற்றால் நிரம்பிவிட, சோற்றுக்கு இடமில்லாது போகின்றது. சில மூலிகைகள் சிகிச்சை மருந்தின் வேலையைக் கெடுக்கவும் கூடும். எதைக் கொடுப்பதாயினும் சிகிச்சை செய்யும் வைத்தியருக்கு மறைக்காமற் சொல்லிவிட்டே கொடுத்தல் வேண்டும். இனி, விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தசஷ்டியோ வெள்ளிக்கிழமையோ, நோயுற்றோருக்கு விரதத்தில் விலக்களிப்பது நம் சைவ மரபேயாகும். நோயாளருக்காக வீட்டிலுள்ள வேறொருவர் விரதம் இருக்கலாம். நோயாளர் உண்பதே அவருடைய நோன்பு என்று கொள்ளுதல் தகும்.

எவ்வளவு உண்ணவேண்டும் என்று மாணவ வாசகர்கள் கேட்கக்கூடும். கணக்குப் போட்டே பார்ப்போம். மேற்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டியின்படி, உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமலும், இயலுமாயின் 1.5 கிராம் வரையிலும் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 1,500 முதல் 1,800 கலோரியும், 60 முதல் 90 கிராம் புரதமும் ஆகின்றது. நாம் வழக்கமாகக் கொடுக்கும் தெளிந்த அரிசிக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிண்ணக் கஞ்சிக்கு 30 கிராம் அரிசி என்றால், அதிற் கிடைப்பது சுமார் 105 கலோரியும் 2 கிராம் புரதமுமே. நாளுக்கு நான்கு கிண்ணம் குடித்தாலும் 420 கலோரியும் 8 கிராம் புரதமும் மாத்திரமே சேரும். நோயாளர் நான்கு வேளை உண்டார் என்று வீட்டார் மனநிறைவு கொள்வர். உடலோ நாலிலொரு பங்கும் பெரிதாய்த் தாண்டாத உணவோடு, புரதத்தில் ஏழிலொரு பங்கும் நிரம்பாத நிலையில் அன்றைய நாளைக் கழித்திருக்கும்.

அதே கஞ்சியை வேறுவிதமாகக் காய்ச்சுவோம். 30 கிராம் அரிசியோடு வறுத்துக் குற்றிய பயறு 30 கிராம் சேர்ப்போம். இறக்கும்போது ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடுவோம். நன்கு வேகுமாறு ஒரு முட்டையையும் அடித்துக் கலப்போம். இப்போது அந்தக் கிண்ணத்தில் சுமார் 400 கலோரியும் 15 கிராம் புரதமும் உள்ளன. நான்கு கிண்ணத்தில் 1,600 கலோரி, 60 கிராம் புரதம்! அடுப்பும் அதுவே, பானையும் அதுவே, செலவும் பெரிதன்று. முட்டை உண்ணாத சைவ இல்லத்தார் பால்மா, தயிர், உழுந்து, கௌபி, சோயா, எள்ளு ஆகியவற்றால் அக்குறையை நிரப்பலாம். பேரங்காடிகளில் விற்கும் விலையுயர்ந்த மாவகைகள் வைத்தியர் சொல்லும் சிலருக்குப் பயன்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவற்றை வாங்க இயலவில்லையே என்று எந்தத் தாயும் மனைவியும் கண்கலங்க வேண்டியதில்லை.

உண்ணவைக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. மூன்று வேளைப் பெருஞ்சோற்றைக் காட்டி நோயாளரை மலைக்கச் செய்யாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கிண்ணத்திற் கொடுத்தல் நன்று. பலருக்குக் காலைப் பொழுதிலேயே உண்ணும் மனம் இருக்கும். அவ்வேளையை வெறுந் தேத்தண்ணீரால் வீணாக்கலாகாது. ஓங்காள மாத்திரையை, வைத்தியர் சொன்னபடி உணவுக்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். தாளிதத்தின் மணமே சிலருக்கு ஓங்காளத்தை உண்டாக்குமாதலால், சமையல் வேளையில் அவரைக் காற்றோட்டமான திண்ணையில் இருத்தி, உணவை ஆறவைத்துப் பரிமாறலாம். உலோகச் சுவை தோன்றுவோருக்குச் சில்வர்க் கரண்டியை விடுத்து மரக்கரண்டி கொடுக்கலாம். வாய் புண்ணானபோது மிளகாய், புளி, தேசிக்காய் ஆகியவற்றை விலக்கி, தேங்காய்ப்பாற் சொதியில் ஊறிய இடியப்பம், மசித்த பருப்புச் சோறு, கனிந்த வாழைப்பழம், தயிர் முதலியவற்றைக் கொடுக்கலாம். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரிற் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதிற் பாதியளவு உப்பும் கரைத்து, நாளுக்குப் பல தடவை வாய் கொப்பளித்தல் புண்ணுக்கு இதம் தரும். வெள்ளணுக்கள் குறையும் காலத்திற் பச்சை முட்டை, காய்ச்சாத பால், தெருவோரத் தின்பண்டம் ஆகியவை ஆகா. கொதித்தாறிய நீரே பருகவேண்டும். இயன்றவரை சிறிது நடப்பதும் அவசியம். அசையாத தசையில் உணவு வலுவாய்ச் சேராது.

இத்தனை செய்தும் விழுங்க இயலாத நிலை சிலருக்கு வரும். அப்போது வைத்தியர், மூக்கின் வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ குழாய்மூலம் உணவு செலுத்தலாம் என்பார். குழாய் என்ற சொல்லைக் கேட்டதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று கலங்குவோர் பலர். வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. கதிர்ச் சிகிச்சையின் கடும் வாரங்களைக் கடந்து, புண்ணாறி, மீண்டும் வாயால் உண்ணும் நாள்வரை நோயாளரைக் கொண்டு சேர்க்கும் தோணியே அது. காலம் தாழ்த்தி எலும்பும் தோலுமான பின் இசைவதைவிட, உரிய வேளையில் இசைவதே அறிவுடைமை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பல நாட்கள் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதிருந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுவது இதயத்துக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினிச் சிறைகளிலிருந்து மீட்கப்பட்டோர் இவ்வாறு இடருற்றனர். அத்தகையோருக்கு வைத்தியசாலையிலேயே சிறிது சிறிதாக உணவைத் தொடங்கவேண்டும்.

மெலிவை நேரத்தோடு அறிவதற்கு வீட்டில் ஒரு தராசு போதும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே வேளையில் நிறுத்துக் கொப்பியில் எழுதி வாருங்கள். ஆறு மாதத்துள் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைவதை மெலிவு நோயின் அடையாளமாக 2011இல் உலக வல்லுநர் குழுவொன்று வகுத்தது. 60 கிலோவுள்ளவருக்கு அது 3 கிலோ மாத்திரமே. கண்ணுக்குத் தோன்றுமுன் தராசுக்குத் தோன்றிவிடும். பருத்த உடலினரைப் பார்த்து, மெலிவது நல்லதே என்று மகிழவும் வேண்டாம். கொழுப்பின் மறைவிலே தசை கரைந்துகொண்டிருத்தல் கூடும். மஹரகமவிலாயினும் தெல்லிப்பழையிலாயினும் கிளினிக்குக்குச் செல்லும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துச் சென்று, கேளாமலே வைத்தியரிடம் காட்டுங்கள். போசணை ஆலோசகரைப் பார்க்க வேண்டுமெனத் துணிந்து கேளுங்கள்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் படித்தோர், அங்கே வள்ளுவர் மருந்தைவிட உணவைப் பற்றியே மிகுதியாய்ப் பேசியிருப்பதை அறிவர். அளவறிந்து உண்ணுமாறு அவர் கூறியது உண்ணவல்ல உடலுக்கு. அதே அதிகாரத்தின் இறுதியில், நோயாளர், வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடும், அருகிருந்து பேணுபவரையும் நான்காவது கூறாக வைத்து எண்ணுகின்றார். பேணுபவரை மருந்துக்கு இணையாக வைத்த அவ்வுண்மையை, இன்றைய வைத்தியம் எடைத்தராசு கொண்டு மெய்ப்பித்து நிற்கின்றது.

எனினும், அந்த நான்காமவரின் கடமைக்கும் ஓர் எல்லை உண்டு. முற்றிய மெலிவை உணவினால் மாத்திரம் முழுதாய் மீட்டல் இயலாது. மருந்துகள் யாவும் ஓய்ந்து, இறுதி நாட்கள் நெருங்கும்போது உடல் தானே உணவை வேண்டாதொழியும். உண்ணாததால் இவர் சாகின்றாரே என்று வீட்டார் துடிப்பர். உண்மையில் உயிர் விடைபெறுகின்றபடியால் அவர் உண்பதில்லை. அவ்வேளையில் வாயைத் திறந்து ஊட்டுவதும், ஒரு கவளத்துக்காக அழுது மன்றாடுவதும் அவருக்கு வேதனையையே தரும். உதட்டை நனைத்து, கையைப் பற்றி, அருகே இருத்தலே அப்போது ஊணாகும். எந்த வேளை எதற்குரியது என்பதை வைத்தியரிடம் ஒளிவின்றிக் கேட்டறிதல் வேண்டும்.

ஆனால், சிகிச்சை நடைபெறும் காலம் அந்தக் காலமன்று. அது வாயைக் கட்டும் காலமன்று. வலுவைக் காக்கும் காலம். நோயாளரின் தட்டிலிருந்து ஒன்றை எடுக்குமுன், அதற்கு ஈடாக எதை வைக்கப்போகின்றோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் ஒருமுறை சிந்திப்பாராக. ஈடு தோன்றாவிடின், எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொள்வதே நலம்.